படம் எடுக்கிறான் என்றுதான் நினைத்தேன்

அந்த வீடியோ மொத்தம் 2 நிமிடம் 11 வினாடி. முதலில் கறுப்பு வரிபோட்ட மஞ்சள் மீன்கள் கூட்டமாக வருகின்றன. திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்ன விரல் அடிக்கடி குறுக்கே வந்து போகிறது. பிறகு கடல் சாமந்தியின் நடுவிலிருந்து ஒரு கோமாளி மீன் எட்டிப் பார்க்கிறது. கேமரா அதை நோக்கிக் கீழே இறங்குகிறது, மேலே வருகிறது, மறுபடி இறங்குகிறது. மேலே வரும்போதெல்லாம் குழாய் வழியாகப் படபடவென்று மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. மூன்றாவது முறை இறங்கி ஏறிய பிறகு அந்தச் சத்தம் இல்லை. மீனும் இல்லை. மணல். மணிக்கட்டுக் கயிற்றின் நுனி ஒரு நொடி தெரிகிறது. மறுபடி மணல். 38 வினாடி வெறும் மணல். அதற்குப் பின் ஒரு பெரிய கை திரையை மறைக்கிறது.

அந்தக் கை என்னுடையது.

பையனுக்கு ஒன்பது வயது. பிழைத்துக்கொண்டான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு மீதியைச் சரியாகப் படிக்க மாட்டீர்கள். நான் அவனைப் புரட்டியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே இரண்டு முறை வாயில் ஊதினேன். இருமினான், வாந்தி எடுத்தான், அப்புறம் பெருங்குரலெடுத்து அழுதான். அவன் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கால் நடுங்கியது. தீவு மருத்துவமனையில் ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பையனின் அப்பா என்னைத் தேடிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார். கையில் அந்த வீடியோ. இரவெல்லாம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "நான் கரையில்தான் சார் இருந்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அசையாமல் படம் எடுக்கிறான் என்றுதான் நினைத்தேன்" என்றார். அவரிடம் நான் கோபப்படவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. இந்த வாக்கியத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், எத்தனை அப்பாக்களிடமும் அம்மாக்களிடமும் கேட்டாகிவிட்டது! எல்லாச் சம்பவங்களும் இப்படி அழுகையில் முடிந்ததில்லை.

நான் அந்தமானில் ஸ்நார்க்கெலிங்கும் (முகத்தில் மாஸ்க்கும் வாயில் மூச்சு விடும் குழாயும் மாட்டிக்கொண்டு, மேலே மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) ஆழ்கடல் முக்குளிப்பும் கற்றுக்கொடுப்பவன். 2011இல் இங்கு வந்தேன். ஸ்வராஜ் துவீப், ஷஹீத் துவீப் என்று 2018இல் பெயர் மாறிவிட்டாலும் எல்லோரும் இன்னும் ஹேவ்லாக், நீல் என்றே சொல்லும் இரண்டு தீவுகளில்தான் என் பிழைப்பு. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் சென்னை விமானத்திலிருந்து இறங்கும் குடும்பங்களில் பாதிப் பிள்ளைகளின் கழுத்தில் ஏதோ ஒரு கேமரா தொங்கும். பிறந்தநாள் பரிசு, சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தது, அல்லது அப்பாவின் பழைய போன், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், என்னை எரிச்சலூட்டும் அந்த ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரில் மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார், தண்ணீரை அடித்துத் துழாவுவார் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சினிமா கற்றுக்கொடுத்தது அது. கத்துவதற்கு மூச்சு வேண்டும். மூச்சே வாங்க முடியாதவர் எதைக் கொண்டு கத்துவார்? வாய் தண்ணீருக்கு மேல் வரும் அந்த ஒரு கணத்தில் உடம்பு காற்றைத்தான் இழுக்கும், உங்களைக் கூப்பிடாது. கையும் அப்படித்தான். தலையை மேலே தூக்குவதற்காகக் கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உங்களை நோக்கி ஆட்டுவதற்குக் கை மிச்சமிருக்காது. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் கடற்கரை மீட்புகளைப் படம்பிடித்து வைத்து ஆராய்ந்து, இந்தப் போராட்டம் பெரும்பாலும் 20 முதல் 60 வினாடிக்குள் முடிந்துவிடுகிறது என்று எழுதினார். எங்கள் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது பால பாடம். ஆனால் கரையில் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருக்கும் எவருக்கும் இது தெரிவதில்லை.

சரி, சாதாரண நீச்சலில் மூழ்குவது இப்படி. ஸ்நார்க்கெலிங்கில் நிலைமை இன்னும் மோசம். அதைத்தான் நான் நூறு முறை சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை.

கடற்கரையில் ஒருவர் முகம் குப்புற, அசையாமல் மிதந்தால் நீங்கள் ஓடிப்போய்த் தூக்குவீர்கள், இல்லையா? அதே ஆள் முகத்தில் மாஸ்க்கும் வாயில் குழாயும் மாட்டியிருந்தால் ஓட மாட்டீர்கள். ஏனென்றால் ஸ்நார்க்கெலிங் என்றாலே முகம் குப்புற அசையாமல் மிதப்பதுதான். நன்றாகச் செய்கிறவர் அப்படித்தான் மிதப்பார், நானே அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறேன். "கையைக் காலை உதறாதே, மீன் ஓடிவிடும், செத்தவன் மாதிரி மித" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆக, மிக நன்றாக ஸ்நார்க்கெல் செய்யும் பிள்ளையும் நினைவிழந்த பிள்ளையும் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். இருபது மீட்டர் தூரத்தில் நின்றால் எனக்கே வித்தியாசம் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கண்ணை எடுக்காமல் பார்த்தாலும் தெரியாது.

இதோடு கையில் ஒரு கேமராவைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை அசையாமல் கிடப்பதற்கு உங்கள் மனமே ஒரு காரணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளும். ஏன் தலையைத் தூக்கவில்லை? படம் எடுக்கிறான். ஏன் காலை ஆட்டவில்லை? ஆடினால் படம் கலங்கிவிடுமே. ஏன் கூப்பிட்டும் திரும்பவில்லை? கவனம் முழுவதும் மீன்மேல் இருக்கிறது, பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம். அந்த அப்பாவின் 38 வினாடி இப்படித்தான் கழிந்திருக்கிறது.

என் கண்ணில் அது ஏன் பட்டது என்றும் சொல்கிறேன். வேறு ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். பையனின் குழாய் நுனி முன்பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வோர் அலைக்கும் தண்ணீருக்குள் போய் வந்தது. மூச்சு விடுகிற பிள்ளையாக இருந்தால் குழாயிலிருந்து தண்ணீரைத் துப்பியிருக்கும். துப்பவில்லை. அடுத்து விரல்கள். கேமராவைப் பிடித்திருக்கும் கை இறுக்கமாக இருக்கும். இவன் விரல்கள் விரிந்து, கேமரா கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் அடையாளம். இதைக் கரையிலிருந்து பார்க்க முடியாது.

அதனால் நான் பெற்றோரிடம் கண்ணைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுக் காதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறேன். குழாய் வழியாக மூச்சு விடும் சத்தம் நன்றாகவே கேட்கும், ஆனால் மூன்று நான்கு மீட்டருக்குள் இருந்தால்தான் கேட்கும். பிள்ளையின் மூச்சுச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவில்லை, கடலை வேடிக்கை பார்க்கிறீர்கள். கேமரா கையில் இருக்கும் பிள்ளை என்றால் அதுவும் போதாது, கையை நீட்டினால் முதுகைத் தொட வேண்டும்.

என் ஊர் இராமநாதபுரம் பக்கம். மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கீழே போகிறவர் ஒருவர் என்றால் மேலே படகில் கயிறு பிடிக்க ஒருவர் கட்டாயம் இருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலி அறுந்துபோகும் என்ற பயத்தில் அவன் கண் அசர மாட்டானாம். கதையோ நிஜமோ, கடலை நன்றாக அறிந்தவர்களே தன்னை நம்பாமல் கயிற்றை நம்பியிருக்கிறார்கள். நாம் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொள்கிறோம்.

"ஆழமே இல்லையே" என்பார்கள் அடுத்து. நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் வற்றம் இருக்கும்போது பல இடங்களில் வயிறு தரையில் உரசும். பெரியவர் எழுந்து நின்றால் முழங்கால்வரைதான் தண்ணீர். ஆனால் நினைவு தப்பியவரால் எழுந்து நிற்க முடியாதே! மூக்கும் வாயும் மூழ்குகிற அளவு தண்ணீர் போதும். "லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறான்" என்பார்கள். சந்தோஷம், கட்டாயம் போடுங்கள். ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண ஜாக்கெட்டுகள் ஆளை மிதக்கத்தான் வைக்கும், குப்புறக் கிடப்பவரை மல்லாக்கத் திருப்பிவிடும் என்று நம்ப முடியாது. கேமரா வைத்திருக்கும் பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும்: "அப்பா, ஜாக்கெட்டைக் கழற்றிவிடவா? கீழே போக முடியவில்லை." இந்தப் பையனும் கேட்டிருக்கிறான். அப்பா தலையாட்டியிருக்கிறார். ஊரில் இரண்டு கோடை நீச்சல் வகுப்புக்குப் போனவன், நீச்சல் தெரியும். நீச்சல் குளத்தில் கேமரா கிடையாது, அலை கிடையாது, ஓடுகிற மீன் கிடையாது.

கேமரா என்னதான் செய்கிறது? பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு கையைப் பறித்துக்கொள்கிறது. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் இரண்டு கையாலும் பிடித்துச் சரிசெய்யத் தெரிந்த பிள்ளை, கேமராவை விட மனமில்லாமல் ஒரு கையால் தடுமாறும். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறும், பதறும். அடுத்து, திசையைப் பறித்துக்கொள்கிறது. நான் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்வேன். ஐந்து நிமிடம் மீன் பார்க்கவிட்டு, தலையைத் தூக்கச் சொல்லி, "படகு எங்கே?" என்று கேட்பேன். கேமரா இல்லாத பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டுக் காட்டும். கேமரா உள்ள பிள்ளை, படகு முதலில் இருந்த திசையைக் காட்டும். நீரோட்டம் தன்னை எவ்வளவு தூரம் நகர்த்திவிட்டது என்பதே அதற்குத் தெரிந்திருக்காது.

இதில் இன்னொரு கோளாறு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்க் வழியாகப் பார்த்தால் தண்ணீருக்குள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். கோப்ரோ போன்ற கேமராக்களின் அகல லென்ஸோ எல்லாவற்றையும் தூரத்தில், சின்னதாகக் காட்டும். கண்ணுக்குக் கைப்பிடி தூரத்தில் தெரிந்த மீன், திரையில் கடுகளவு. எந்தப் பிள்ளைக்கும் அது பிடிக்காது. இன்னும் கொஞ்சம் கிட்டே போகும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மேலிருந்து எடுத்தால் மீன் கடுகு, அதனால் கீழே இறங்கும். இறங்குவதற்கு மூச்சடக்க வேண்டும்.

இந்த மூச்சு விஷயத்தில் பெற்றோரையும் சில நீச்சல் ஆசிரியர்களையும் நான் மன்னிப்பதாக இல்லை. "கீழே போவதற்கு முன்னால் பத்து தடவை நன்றாக மூச்சை இழுத்து விடு, காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுப்பதே அவர்கள்தான். காற்று அப்படிச் சேராது. வேகமாக மூச்சு வாங்கினால் உடம்பிலிருக்கும் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று எச்சரிப்பதே அந்த வாயுதான். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போகிறான் பையன். மூச்சு முட்டுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடுகிறது, வலியும் இல்லை, பயமும் இல்லை. அந்த வீடியோவில் கேட்கும் படபட மூச்சு அதுதான். நன்றாக நீந்தத் தெரிந்த, துணிச்சலான, பயிற்சி பெற்ற இளைஞர்கள்கூட இப்படி நீச்சல் குளத்திலேயே இறந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை கீழே இறங்கிப் படம் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. மிதந்தபடி எடுக்கட்டும். மீன் கடுகாக வந்தால் வரட்டும்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. பெரியவர்களின் நீளமான, அகலமான குழாயைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். பிள்ளைகளுக்கென்று சின்னக் குழாய் விற்கிறது. முகம் முழுவதும் மூடும் மாஸ்க்கில் கேமரா மாட்ட ஒரு கொக்கியும் வைத்து விற்கிறார்கள், பார்க்க விண்வெளி வீரர் போல இருக்கும், பிள்ளைகளுக்கு ஆசை. தண்ணீர் புகுந்தால் அதைச் சட்டென்று துப்பிவிட்டு மூச்சு வாங்க முடியாது, முழுசாகக் கழற்ற வேண்டும். பதற்றத்தில் பிள்ளைக்குக் கழற்ற வராது. என் படகில் அதற்கு அனுமதி இல்லை. கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகள் விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் சாமான் இல்லை. கேமராக் கயிறு கழுத்தில் வேண்டாம், மணிக்கட்டில் இருக்கட்டும், இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். செல்ஃபி குச்சி வேண்டவே வேண்டாம். கேமராவோடு ஒரு மிதவையைச் சேர்த்துக் கட்டுங்கள். கோப்ரோ கல்லைப் போல மூழ்கும், அது மூழ்கினால் பின்னாலேயே பிள்ளையும் போகும். "அப்பா திட்டுவார்" என்ற பயம் எவ்வளவு ஆழத்துக்கு ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் தண்ணீரில் இறங்கும் முன் உரக்கச் சொல்லுங்கள்: "கேமரா விழுந்தால் விழட்டும். ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்." சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

போனை உறையில் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். தண்ணீருக்குள் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது. பிள்ளை அழுத்தி அழுத்திப் பார்த்து, எரிச்சலில் தலையைத் தூக்கி, குழாயைக் கழற்றி, "அம்மா, எடுக்க மாட்டேன் என்கிறது" என்று கத்தும், அடுத்த அலையை அப்படியே விழுங்கும். போனுக்கு எழுதியிருக்கும் நீர்புகாத் தரமெல்லாம் நல்ல தண்ணீரில் சோதித்தது, கடல் உப்புக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. போன் போனால் போகட்டும், என் கவலை அது இல்லை.

பவளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே வந்ததற்கு முந்தைய ஆண்டு, 2010 கோடையில், கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்திருந்தன. நான் முதலில் பார்த்த அடிக்கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்த்ததை, மறுபடி வெளுத்ததை, மறுபடி துளிர்த்ததை ஆண்டுதோறும் பார்த்துவருகிறேன். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். படம் ஆடாமல் எடுக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளை ஏறி நிற்கும் அந்தப் பாறை, பாறையே இல்லை, உயிருள்ளது. பிள்ளையின் தாத்தா பிறப்பதற்கு முன்பே அது முளைத்திருக்கலாம். கேமரா வைத்திருப்பவர்களின் முழங்காலும் காலணித் துடுப்பும் பவளத்தில் படுவது மற்றவர்களைவிட அதிகம் என்பது எங்கள் அனுபவம், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உடைந்த துண்டை ஞாபகத்துக்கு என்று பையில் போடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலிக்குச் சமம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கும்போது பிள்ளை முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும்.

தொடவும் கூடாது. பவளத்தின் நலனுக்காக மட்டும் இல்லை. சிங்கமீனின் துடுப்பு முள் விஷம். கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும், மிதித்த பிறகுதான் மீன் என்று தெரியும். அழகான கூம்பு வடிவச் சங்குக்குள் இருக்கும் நத்தை கொட்டினால் ஆள் சாகக்கூடும், பிள்ளைகள் முதலில் பொறுக்குவது அதைத்தான், படத்துக்குக் கையில் வைத்துக் காட்டுவதும் அதைத்தான். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, குத்திய இடத்தை முக்கி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். சூட்டைப் பெரியவர் தன் கையால் பார்த்துவிட்டு முக்குங்கள், வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சுடுவது தெரியாது.

எங்கள் தொழிலும் கைசுத்தம் என்று சொல்ல மாட்டேன். "வீடியோ இலவசம்" என்று பலகை எழுதி ஆள் பிடிக்கிறோம். கைடு ஒரு கையால் ஆட்கள் பிடித்து மிதக்கும் டியூபை இழுத்து, ஒரு கையால் கேமராவைப் பிடித்து, ஐந்து பேரை மேய்க்கிறான். கடலைவிடப் படத்தைத்தான் நாங்களும் விற்கிறோம். பிள்ளைகளுக்கும் அது புரிந்திருக்கிறது: படமில்லாமல் திரும்பினால் போனதே கணக்கில் வராது. சென்ற மாதம் ஒரு சிறுமி படகில் ஏறியதும் அழுதாள். ஆமையைப் பார்த்தாளாம், ஆனால் கேமரா ஓடவில்லையாம். ஆமை உன்னைப் பார்த்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு கண்ணால் பார்த்தது அங்கிள்" என்றாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேனா, அவள் என்னையா, தெரியவில்லை.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த வயதில் கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். வயதைக் கேட்காதீர்கள், பிள்ளைக்கு என்ன வருகிறது என்று கேளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டுக்கொண்டு, பதறாமல் வெளியேற்ற வருகிறதா? குழாயைத் துப்பிவிட்டு மல்லாக்கப் படுத்து மிதக்க வருகிறதா? முதுகைத் தட்டினால் உடனே தலையைத் தூக்கி, கட்டைவிரலை உயர்த்தாமல், விரலை வட்டமாக மடக்கிச் 'சரி' என்று காட்ட வருகிறதா? எங்கள் சைகையில் கட்டைவிரல் என்றால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். இவ்வளவும் கேமரா இல்லாமல் இரண்டு மூன்று முறை கடலில் செய்து காட்டிய பிள்ளைக்குக் கொடுங்கள். எட்டு வயதில் செய்கிறவர்களும் உண்டு, பதினான்கிலும் வராதவர்கள் உண்டு, நாற்பதிலும் வராதவர்களை நான் தினமும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஒரு கேமராப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கையில் கேமரா இருக்கக் கூடாது. நீங்கள் பிள்ளையைப் படம் எடுப்பதும் பிள்ளை மீனைப் படம் எடுப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் அங்கே பெரியவரே இல்லை. முறை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள்: "இப்போது நீ பார்த்துக்கொள், நான் வெளியே போகிறேன்." பெரிய குடும்பமாக வந்தவர்களில்தான் எனக்குப் பயம் அதிகம். ஏழு பேர் கரையில் இருந்தால் ஏழு பேரும் மற்ற ஆறு பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருபது நிமிடத்தில் பிள்ளையைக் கரையேற்றுங்கள். தண்ணீர் 28 டிகிரி இருந்தாலும் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உதட்டின் நிறத்தைப் பாருங்கள். நடுங்கத் தொடங்கிய பிறகு "இன்னும் ஒரே ஒரு படம்" கிடையாது. ஏற்றவற்ற நேரத்தைப் படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அதன் அருகே நின்று படம் எடுத்துவிட்டு இறங்காதீர்கள். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

தூக்கிய பிள்ளைக்கு மூச்சு இல்லை என்றால், தயவுசெய்து தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். தண்ணீர் வெளியே வருகிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள், வருவது வயிற்றுத் தண்ணீர், அது நுரையீரலுக்குப் போக வழி செய்கிறீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, முதலில் ஐந்து முறை வாயில் ஊதுங்கள். அசைவு இல்லை என்றால் மார்பின் நடுவே 30 முறை அழுத்தம், 2 ஊதல், அப்படியே தொடருங்கள். ஒருவர் 112க்குப் பேசட்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, பொம்மையில் அழுத்திப் பழக வேண்டும், அரை நாள் போதும். விமான டிக்கெட்டுக்குச் செலவழிக்கிறவர்கள் அந்த அரை நாளைச் செலவழிக்கலாம். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும், மூச்சு நின்று மீண்ட பிள்ளையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அசந்து தூங்கி வழிந்தாலோ ஹோட்டலுக்குப் போய்ப் படுக்கவைக்காதீர்கள்.

என் படகில் மூடி போட்ட ஒரு மஞ்சள் வாளி இருக்கிறது. ஏறும்போதே பிள்ளைகளின் கேமராக்களை வாங்கி அதில் போட்டு, மூடியின் மேல் நான் உட்கார்ந்துகொள்வேன். முதல் அரை மணி நேரம் வெறும் கையோடு மிதக்க வேண்டும். பணம் கட்டியிருக்கிறோம் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. படகுத்துறையிலேயே இறங்கி வேறு படகுக்குப் போனவர்களும் உண்டு, போகட்டும். அந்தப் பையன் ஊருக்குக் கிளம்பும் முன் அம்மாவோடு வந்திருந்தான். தண்ணீருக்கு வரவில்லை, படகில் உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே என்ன அங்கிள் என்றான். மூடியைத் திறந்து காட்டினேன். நான்கு கேமரா, ஒரு போன், யாரோ போட்ட பாதி பிஸ்கட் பாக்கெட். அவன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.